ஹெர்ன் எழுந்து போன நாற்காலி

புதிய பள்ளிக்கூடத்தில் வேலை ஒப்புக்கொள்ளப் போகும் உபாத்தியாயர் எதையெல்லாம் தயார் செய்துகொள்கிறார்? பாடப் புஸ்தகத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படிக்கிறார். குறிப்பு எழுதுகிறார். சட்டையைச் சலவைக்குப் போடுகிறார். முதல் நாள் முதல் வாக்கியமாக என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைக்கிறார். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அவரால் தயாராக முடிவதில்லை. அந்த நாற்காலியில் தமக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பிள்ளைகளின் மனத்தைக் கொள்ளை கொண்டவராக இருந்துவிட்டால் என்ன செய்வது? மூத்தாள் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இளையாளாக வாழ்க்கைப்பட்டுப் போகிறவள் பாடுதான் அவர் பாடும். எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும், "எங்கள் அம்மா இப்படிச் செய்யமாட்டாள்" என்று ஒரு குரல் எழத்தான் எழும்.

ஜப்பானிய நாவலாசிரியர்களில் தலைசிறந்தவராகக் கொண்டாடப்படும் நாட்ஸுமே ஸோஸெகி அந்தப் பாட்டைப் பட்டவர். நாவல் எழுதத் தொடங்குவதற்கு முன்னால் அவர் இங்கிலீஷ் வாத்தியார்.

1867-ஆம் வருஷம் பிறந்த ஸோஸெகி, டோக்கியோ ஸர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் படித்துத் தேறினார். 1895-இல் மாட்ஸுயாமா என்ற ஊரின் நடுத்தரப் பள்ளியிலும், மறு வருஷம் குமாமோட்டோ நகரத்து உயர்தரக் கலாசாலையிலும் இங்கிலீஷ் கற்பித்தார். 1900-இல் அரசாங்கம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. வருஷத்துக்கு 1,800 யென் உபகாரச் சம்பளம். லண்டன் விலைவாசிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. வாடகை அறையில் அடைந்துகொண்டு, வாங்கிய புஸ்தகங்களைப் படித்துப் படித்துப் பொடி எழுத்தில் குறிப்பு எழுதிக் குவித்தார். இலக்கியம் என்றால் என்ன என்பதை அடிவேரிலிருந்து கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவர் வெறி. தனிமையும் படிப்பும் சேர்ந்து நரம்புகளைத் தளர்த்திவிட்டன. அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்ற வதந்தி ஜப்பான் வரைக்கும் போயிற்று.

1903-ஆம் வருஷம் ஜனவரியில் அவர் ஊர் திரும்பினார். மறுபடியும் குமாமோட்டோவுக்குப் போக மனமில்லை. நண்பர்கள் முயன்று டோக்கியோவிலேயே இரண்டு வேலைகளைத் தேடிக் கொடுத்தார்கள். ஒன்று முதலாம் உயர்தரக் கலாசாலையில். வருஷச் சம்பளம் 700 யென். மற்றது, தாம் படித்த ஸர்வகலாசாலையிலேயே ஆங்கில இலக்கிய விரிவுரையாளர் பதவி. அதற்கு 800 யென். இந்த இரண்டாவது வேலையில்தான் வினை இருந்தது. அந்த நாற்காலியில் அதுவரை இருந்தவர் லாஃப்காடியோ ஹெர்ன்.

ஹெர்னின் கதையே ஒரு நாவல். கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தகப்பனாருக்கும் 1850-இல் பிறந்தவர். ஒரு கண் பார்வை இல்லாதவர். அமெரிக்காவில் பத்திரிகைத் தொழில் பார்த்துவிட்டு 1890-இல் ஜப்பானுக்கு வந்தார். வந்தவர் திரும்பவே இல்லை. மாட்ஸுயே என்ற சிற்றூரில் இங்கிலீஷ் வாத்தியாரானார். ஜப்பானியப் பெண்ணை மணந்தார். 1896-இல் ஜப்பானியப் பிரஜையாகிக் கொய்ஸுமி யகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். அந்த வருஷமே டோக்கியோ ஸர்வகலாசாலைக்கு வந்துவிட்டார். வகுப்பில் அவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். மாணவர்கள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்வார்கள். பிற்பாடு அந்த நோட்டுகளைக் கொண்டே அவருடைய பிரசங்கங்கள் புஸ்தகங்களாக வெளிவந்தன. கவிதையை ஆராய்வதைவிட அதை அனுபவிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

ஆனால் காலம் மாறியிருந்தது. வெளிநாட்டு ஆசிரியர்களுக்குக் கொட்டிக் கொடுப்பதைக் குறைத்து, மேல்நாடு சென்று படித்து வந்த சொந்த நாட்டாரை அமர்த்துவது என்பது அரசாங்கத்தின் நோக்கம். ஹெர்னுக்கு மாதச் சம்பளமே 400 யென்னுக்கு மேல். 1903 மார்ச்சு மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். அவரை நிறுத்தக் கூடாது என்று மாணவர்கள் கிளர்ச்சி செய்தும் பயனில்லை. அவர் பார்த்துவந்த வேலை மூவருக்குப் பங்கிடப்பட்டது. அவர்களில் ஒருவர் ஸோஸெகி.

ஸோஸெகிக்கு இது சந்தோஷத்தைத் தரவில்லை. கொய்ஸுமி எங்கே, நான் எங்கே, அவர் இடத்தில் போய் நான் எப்படி உட்காருவது என்று அவர் தயங்கியதாக மனைவி கியோகோ தம் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். குமாமோட்டோ கலாசாலையிலும் ஸோஸெகிக்கு முன்னால் இங்கிலீஷ் கற்பித்தவர் இதே ஹெர்ன்தான். அங்கே இருவருக்கும் நடுவில் ஒன்றரை வருஷ இடைவெளியாவது இருந்தது. டோக்கியோவில் நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் உட்கார வேண்டியிருந்தது.

ஏப்ரலில் வகுப்பு ஆரம்பமாயிற்று. ஜார்ஜ் எலியட்டின் 'ஸைலஸ் மார்னர்' பாடம். ஸோஸெகி ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொல்லி, உச்சரிப்பையும் இலக்கணத்தையும் திருத்தினார். ஸர்வகலாசாலைக்கு வந்த பிறகும் சின்னப் பையன்களைப் போல் வாசிக்கச் சொல்கிறாரே என்று மாணவர்களுக்கு ரோஷம் வந்தது. இன்னொரு வகுப்பில் இலக்கியத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டினார். ஹெர்னுடைய குரலில் சொக்கியிருந்த காதுகளுக்கு அது கசந்தது.

இவ்வளவும் போதாதென்று மே மாதத்தில் ஒரு துயரம் நிகழ்ந்தது. முதலாம் உயர்தரக் கலாசாலையில் ஃபூஜிமுரா மிஸாவோ என்ற பையன் ஸோஸெகியின் வகுப்பில் இருந்தான். வயது 16. பாடம் தயார் செய்யாமல் வந்ததற்காக ஸோஸெகி அவனைக் கண்டித்திருந்தார். மே 22-ஆம் தேதி அந்தப் பையன் நிக்கோவில் உள்ள கேகோன் நீர்வீழ்ச்சியில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டான். பிரபஞ்சத்தின் புதிர் விளங்கவில்லை என்ற கருத்தை அங்கிருந்த மரத்தில் எழுதி வைத்திருந்தான். ஆசிரியரின் கண்டிப்பை அவன் குறிப்பிடவே இல்லை. ஆனாலும் ஸோஸெகியின் நெஞ்சு கேட்குமா? அவன் ஏன் செத்தான் என்று வகுப்பில் ஒரு மாணவனை விசாரித்தாராம். கவலைப்படாதீர்கள் என்று அவன் சொல்ல, கவலைப்படாமல் எப்படி, பையன் போய்விட்டானே என்று தவித்தாராம். மூன்று வருஷம் கழித்து எழுதிய 'குஸமகுரா' நாவலிலும் அந்தப் பையனை அவர் மறக்கவில்லை.

செப்டம்பரில் மறுபடியும் வகுப்புத் தொடங்கிற்று. ஸோஸெகி ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்'தை எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை பெரிய வகுப்பறை நிரம்பி வழிந்தது. அவர் ஹெர்னைப் போல் பேசப் பழகிக்கொண்டுவிடவில்லை. தம் வழியிலேயே, தமக்குப் பிடித்ததைச் சொன்னார். பிள்ளைகளுக்கும் இவர் வேறு மனிதர் என்பது புரிந்துபோயிற்று. 1904 செப்டம்பர் 26-ஆம் தேதி ஹெர்ன் மாரடைப்பால் காலமானார்.

1905 ஜனவரியில் ஸோஸெகி ஒரு பூனையின் வாயிலாகக் கதை சொல்ல ஆரம்பித்தார். அதில் வரும் பூனையின் எஜமானர் யார்? வயிற்றுக் கோளாறும் முன்கோபமும் உள்ள ஓர் இங்கிலீஷ் வாத்தியார்! அடுத்த வருஷம் வந்த 'பொச்சான்', வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் போகும் வாத்தியாரின் கதை. பட்ட பாட்டையெல்லாம் சிரிப்பாக்கிவிட்டார் மனிதர். 1907-இல், அரசாங்கத்துக்குக் கடமைப்பட்டிருந்த நான்கு வருஷத்தை முடித்ததும், ஸர்வகலாசாலையை விட்டு 'அஸாஹி' பத்திரிகைக்குப் போனார்.

பழைய மாணவர்கள் அவரை விடவில்லை. வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டில் வந்து கூடினார்கள். 1916-இல் அவர் கண்ணை மூடும் வரையில் அந்த வியாழக்கிழமைகள் தொடர்ந்தன. அங்கே யாருடைய நாற்காலியிலும் அவர் உட்கார வேண்டியிருக்கவில்லை. தம் வீட்டுப் பாயில், தம் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.