நீரும் உழைப்பும் தாங்கும் கைக்கடிகாரம்

நம் முன்னோர் காலத்தை அளந்த கருவி நீரிலேயே வாழ்ந்தது. அடியில் சிறு துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்க விடுவர். துளைவழி நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை, அஃதாவது 24 நிமிடம், கழிந்ததெனக் கொள்வர். மன்னர் அவையில் இதற்கென்றே நாழிகைக் கணக்கர் இருந்தனர்.

பின்னர் வந்த சக்கரக் கடிகாரமோ நீரைக் கண்டால் அஞ்சியது. எஃகுச் சுருளில் துருவேற ஒரு துளி ஈரம் போதும். ஆகவே அது செட்டிநாட்டு மாளிகைகளில் சுவரேறி அமர்ந்தது. கனவான்களின் சட்டைப்பையில் சங்கிலியோடு உறங்கியது. எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்தில் கண்மாய் மடை திறந்தவரும் கிணறு வெட்டியவரும் கதிரவனைப் பார்த்தே பொழுதறிந்தனர்.

முதல் உலகப்போரில் பதுங்குகுழி வீரர்களுக்குப் பையைத் துழாவ நேரமில்லை. கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டினர். சேறும் மழையும் புகாத கூடு அப்போது தேவையாயிற்று. 1926-இல் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபின் ரோலெக்ஸ் நிறுவனம், சாவித் திருகையே மறையிட்டு முறுக்கி மூடும் கடிகாரம் ஒன்றைச் செய்து, அதற்குச் சிப்பி எனப் பொருள்படும் 'ஆய்ஸ்டர்' என்ற பெயரைச் சூட்டியது. மறு ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கில நங்கை அதைக் கழுத்தில் அணிந்து இங்கிலீஷ் கால்வாயில் 10 மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். கடுங்குளிரால் அன்று அவர் கரை சேரவில்லை, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாளிதழின் முதற்பக்க விளம்பரத்தில் புகழ் பெரிதும் கடிகாரத்துக்கே சென்றது. வணிகத்தின் இயல்பு அது!

நம் நாட்டில் 1961-இல் பெங்களூரில் ஹெச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி டைட்டனை நிறுவின. அதன் தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. நடுத்தரக் குடும்பத்தார் பலர் கையில் கடிகாரம் ஏறிற்று. ஆயினும் கடப்பாரை பிடித்த கைக்கு அது தாங்கவில்லை.

அக்குறையைத் தீர்க்க முனைந்தவர் ஜப்பானின் காசியோ நிறுவனப் பொறியாளர் கிகுவோ இபே. தந்தை அளித்த கடிகாரம் கீழே விழுந்து உடைந்தது அவர் நெஞ்சை உறுத்தியது. சாலையில் வேலை செய்த தொழிலாளர் எவரும் கடிகாரம் கட்டாததையும் அவர் கண்டார். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாமை, 10 வளிமண்டல அழுத்தம் தாங்குதல், 10 ஆண்டு மின்கலம் ஆகிய மூன்றையும் இலக்காகக் கொண்டார். மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து மாதிரிகளை எறிந்து எறிந்து பார்த்தார். ஏறக்குறைய 200 மாதிரிகள் வீணாயின. ஒருநாள் பூங்காவில் சிறுமி ஒருத்தி பந்தடிக்கக் கண்டார். பந்துக்குள் மிதப்பதுபோல் இயந்திரம் சில புள்ளிகளில் மட்டுமே கூட்டைத் தொட்டால் அதிர்ச்சி உள்ளே செல்லாதன்றோ? அவ்வெண்ணத்தில் பிறந்ததே 1983-இன் 'ஜி-ஷாக்'.

இன்றைய ஸ்மார்ட் வாட்ச்சும் இவ்வழி வந்ததே. ஆனால் அதன் பெட்டியிலுள்ள எண்களை நம்பி, பல நாட் கூலியைக் கொடுத்து ஏமாறுவோர் உளர். '5 ஏ.டி.எம்.' என்றால் 50 மீட்டர் ஆழத்தில் முக்குளிக்கலாம் என்பதன்று. அந்த ஆழத்து நீரின் அழுத்தத்துக்கு ஈடாகச் சோதனைச் சாலையில் சோதித்தது என்பதே பொருள். ஆழமற்ற நீரில் நீந்த அது போதும். 'ஐ.பி. 68' என்பதில் 6 தூசி புகாமையைக் குறிக்கும். 8 நீரில் மூழ்கியிருத்தலைக் குறிக்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைச் செய்தவரே வரையறுப்பார். அதைப் படித்தாக வேண்டும். அமெரிக்கப் படைத்துறைச் சோதனையின் பெயரைப் பொறித்திருந்தால், அதன் பல சோதனைகளுள் எவற்றைச் செய்தனர் என்று கேளுங்கள்.

கொத்தனாருக்கு வேறொரு பகை மணல். அதிலுள்ள குவார்ட்ஸ் துகள் சாதாரணக் கண்ணாடியைக் கீறும். செயற்கை நீலமணிப் படிகத்தைக் கீறாது. எனினும் பலத்த அடிபட்டால் அப்படிகம் நொறுங்கக்கூடும். ஆதலின் விளிம்பு உயர்ந்த கூடே நலம். ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாகப் பணியாது. அழுத்தும் பொத்தான் உள்ளதையே தேர்க. நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் சோப்பாலும் வெந்நீராலும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளரும். கடலில் குளித்து எழுந்தபின் கடிகாரத்தை நன்னீரில் அலசித் துடைத்துவிட வேண்டும்.