தேசப்படமும் லயன் காம்பராவும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், அப்புத்தளைக்கு ஏறும் பாதை பிரிகின்ற சந்தியே பெரகல. அதைச் சூழ்ந்த சரிவுகளின் வரலாறு இரு வகையாக எழுதப்பட்டிருக்கிறது: உழைப்பாளரின் கைகளால் மண்ணிலும், நில அளவையாளரின் கோடுகளால் தாளிலும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்னும் வினா, இன்று மலையக மக்களின் உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 இல் தோன்றியது. 1840 இன் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தனியார் உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய காணிகளாகக் கொள்ள வழிவகுத்தது. காணி விலைப்பொருளாயிற்று, விற்பதற்குப் படம் வேண்டியிருந்தது. ஏக்கர், ரூட், பேர்ச் என்று உடைமையை வரையறுப்பதே அப்படங்களின் நோக்கம். அம்மண்ணில் வாழ்வோரைப் பற்றிய கவலை அவற்றுக்கு இருக்கவில்லை.

அக்கோடுகளுக்கு அடிப்படையான கணிதத்துக்கும் வரலாறு உண்டு. 1802 இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து இந்தியப் பெரும் அளவை வளர்ந்தது. அதன் பயனாக எவரெஸ்ட் 1830 இல் பூமியின் வடிவத்துக்கு ஓர் அளவைக் கணித்தார். இலங்கையின் 'கண்டவல' ஆதாரத்தளம் அந்த அளவையே தழுவியது. கோளப் பரப்பைத் தட்டையான தாளில் இறக்கக் குறுக்கு மேர்கேற்றர் எறியம் பயன்பட்டது. பீதுருதாலகால மலையுச்சி மூலப்புள்ளியாயிற்று. மறை எண்கள் வராதிருக்க, மெட்ரிக் முறையில் அப்புள்ளிக்குக் கிழக்கே 200,000, வடக்கே 200,000 மீட்டர் என்ற எண்களைக் கொடுத்தனர். 1999 இன் புதிய ஆதாரத்தளத்தில் அவ்விரண்டும் 500,000 ஆயின.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் காணிப்படங்களும் கணினிக்குள் புகுந்து 'கேட்' வரைபடங்களாயின. இவ்வரைபடத்தில் கோடுகள் உண்டு, எண்கள் உண்டு. ஆனால் அவை எந்த எறியத்தைச் சேர்ந்தவை என்ற குறிப்புப் பெரும்பாலும் இருப்பதில்லை. அதைப் புவியியல் தகவல் முறைமையில் ஏற்றி மண்சரிவு அபாயப் படத்தின்மீது வைக்க முயலும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

எண்களே ஓரளவு சாட்சி சொல்லும். பெரகலச் சந்தி, மூலப்புள்ளிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கிழக்கிலும் 27 கிலோமீட்டர் தெற்கிலும் உள்ளது. ஆகவே பழைய முறையில் அதன் ஆள்கூறுகள் 216,000, 173,000 என்ற அளவில் வரும். 1999 முறையில் 516,000, 473,000 என வரும். உலகப் பொதுக் குறுக்கு மேர்கேற்றரின் 44 ஆம் வலயத்தில் கிழக்கு எண் 491,000 ஐ ஒட்டி வந்து நம்மை மயக்கும். ஆனால் வடக்கு எண் 747,000 ஐ நெருங்கி உண்மையைக் காட்டிவிடும். எண்கள் மூன்று மடங்குக்குச் சற்று மேலாக இருந்தால் அலகு அடி என ஐயுறலாம். வெறும் நூறுகளும் ஆயிரங்களுமாக இருந்தாலோ, அளவையாளர் தம் வசதிக்கு ஒரு மூலத்தை வைத்திருக்கிறார். அப்போது பெரகலச் சந்தி, அப்புத்தளைப் புகையிரத நிலையம் போன்ற அறிந்த இடங்கள் படத்தில் இருந்தால் அவற்றைக் கொண்டு பொருத்த வேண்டும். இரண்டு புள்ளிகள் பொருத்தப் போதும். சரிபார்க்க மூன்றாவது வேண்டும்.

பெரிய பிழையைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பழைய எண்ணைப் புதிய முறையில் இட்டால், தோட்டம் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் போய் விழும். பார்த்தவர் எவரும் திருத்திவிடுவர். அஞ்சத்தக்கது சிறிய பிழை. எவரெஸ்ட் தளத்தின் அகலாங்கு நெட்டாங்குகளைச் செயற்கைக்கோள் கருவிகளின் உலகத் தளத்துக்குரியனவாகக் கொண்டால், இடம் கிழக்கு மேற்காக 200 மீட்டருக்கு மேல் விலகும். படம் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் மலைச் சரிவில் 200 மீட்டர் என்பது ஓடைக்கு இப்புறமா அப்புறமா, அபாய வலயத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதைத் தீர்மானிக்கும் தூரம்.

பெரகலவுக்குக் கிழக்கே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 ஆம் நாள் காலை மலை சரிந்து லயன்களை மூடியது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாயப் படங்கள் வரையும் பணி 1990 இலேயே தொடங்கியிருந்தது. அத்தோட்டத்தைப் பற்றி 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கையும் விடுக்கப்பட்டிருந்தது. அங்கே தவறியது எறியமன்று. எச்சரிக்கையைச் செயலாக்க வேண்டிய சமூகப் பொறுப்பே தவறியது. ஆயினும் இனி எந்த லயனை இடம்பெயர்ப்பது, எந்தச் சரிவில் வீடு கட்டுவது என்ற முடிவுகள் இப்படங்களின் மீதுதான் எடுக்கப்படும்.

எனவே ஒவ்வொரு தோட்டப் படத்திலும் எறியம், ஆதாரத்தளம், அலகு ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும் எனக் கேட்பது மக்களின் உரிமை. மலையகப் பாடசாலைகளின் புவியியல் ஆசிரியர்களும் மாணவர்களும் கைப்பேசியுடன் லயன் வாசலில் நின்று, அங்கு கிடைக்கும் ஆள்கூற்றை அதிகாரியின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளப்பவரின் கணக்கை வாழ்பவர் சரிபார்க்கும் பணி அங்கிருந்து தொடங்கட்டும்.