தோட்டமும் பெட்டியும்: மழலையர் கல்வியில் இயற்கைப் பொருள்கள் வந்த வழி

மழலையர் வகுப்பில் இலைகளைப் பொறுக்கி வகைபிரிப்பது, விதைகளை அடுக்கிக் கோலம் அமைப்பது, களிமண்ணில் உருவம் பிடிப்பது எல்லாம் எழுத்தும் எண்ணும் கற்பித்த பிறகு மிஞ்சும் நேரத்துக்கான பொழுதுபோக்கு என்ற எண்ணம் பெற்றோரிடமும் பள்ளி நிர்வாகங்களிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மழலையர் கல்வியின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அந்தக் கல்வி தோன்றியதே தோட்டத்தில்தான். எழுத்துப் பயிற்சி பிற்பாடுதான் உள்ளே நுழைந்தது. அப்படியிருந்தும் கடந்த 180 ஆண்டுகளில் இயற்கை ஏன் திரும்பத் திரும்ப வகுப்பறையைவிட்டு வெளியேறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. யாரும் அதை வேண்டாமென்று ஒதுக்கவில்லை என்பது என் வாதம். ஒரு கல்விமுறை ஊர்விட்டு ஊர் பரவும்போது பெட்டியில் அடைக்கக்கூடியவை மட்டுமே பயணம் செய்கின்றன, தோட்டம் பின்தங்கிவிடுகிறது.

ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் 1782இல் பிறந்த ஃபிரெடரிக் ஃப்ரோபெல், பதின்ம வயதில் ஒரு வனக் காவலரிடம் தொழில் பழகியவர். பின்னர் சுவிட்சர்லாந்தின் இவர்டனில் கல்வியாளர் பெஸ்டலோசியிடம் கல்விமுறையைக் கற்றார். பெர்லினில் கனிம அருங்காட்சியகத்தில் உதவியாளராக இருந்து படிகங்களை ஆராய்ந்தார். இந்த வாழ்க்கைப் பின்னணியை விட்டுவிட்டு அவருடைய கல்விமுறையைப் புரிந்துகொள்ள முடியாது. குழந்தைகளுக்காக அவர் வடிவமைத்த பந்து, உருளை, கனசதுரம் ஆகியவை வெறும் விளையாட்டுச் சாமான்கள் அல்ல; இயற்கையின் உருவங்களுக்குள் மறைந்திருக்கும் ஒழுங்கைக் கையால் உணரச் செய்யும் கருவிகள். 1837இல் பிளாங்கன்பர்க்கில் அவர் தொடங்கிய நிறுவனம் 1840இல் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்ற பெயரைப் பெற்றது. அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாத்தி உண்டு. அந்தப் பாத்திகளைச் சுற்றி எல்லோரும் சேர்ந்து பராமரிக்கும் பொதுப் பாத்திகள் இருந்தன. தன் பாத்தியில் குழந்தை விரும்பியதை விதைக்கலாம், வாடவிட்டால் அதன் பலனையும் பார்க்கலாம். பொதுப் பாத்தியிலோ மற்றவரோடு இணங்கி நடக்க வேண்டும். உள்ளே மரத்துண்டுகளும் ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகிச் செய்யும் உருவங்களும், வெளியே மண்ணும் செடியும் என்று இரண்டும் ஒன்றையொன்று விளக்குவதாகவே அவர் திட்டமிட்டிருந்தார்.

1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. மறு ஆண்டே ஃப்ரோபெல் இறந்தார். தடை 1860இல்தான் நீங்கியது. இதற்கிடையே அவருடைய மாணவியரும் ஆதரவாளர்களும் அக்கல்வியை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசென்றார்கள். அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் 1869 வாக்கில் ஃப்ரோபெல் சாதனங்களைத் தயாரிக்கத் தொடங்கினார். கனசதுரப் பெட்டி, காகித நெசவு, ஊசித்துளைப் படம் எல்லாம் விலைக்குக் கிடைத்தன. மண்ணையும் மழையையும் எந்தக் கடையிலும் விற்க முடியாது அல்லவா? தோட்டம் வைக்க இடமில்லாத நகர வகுப்பறைகளில் சாதனங்களே கல்விமுறையாகிவிட்டன. உற்பத்தியாளரைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர் இல்லாமல் அந்த முறை அவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. ஆனால் பரவியது பாதிதான். 1883இல் உளவியலாளர் ஸ்டான்லி ஹால், பாஸ்டனில் புதிதாகப் பள்ளிக்கு வந்த குழந்தைகளை ஆராய்ந்து, அன்றாடப் பறவைகளையும் விலங்குகளையும் செடிகளையும்கூட அறியாதவர்கள் அவர்களில் பலர் என்று எழுதினார். அதன்பின் எழுந்த இயற்கைப் பாட இயக்கமும், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா காம்ஸ்டாக் ஆசிரியர்களுக்காக 1911இல் வெளியிட்ட கையேடும், லண்டனின் டெப்ட்ஃபோர்டில் 1914இல் மாக்மில்லன் சகோதரிகள் தொடங்கிய திறந்தவெளி மழலையர் பள்ளியும், விடுபட்ட பாதியை மீட்கும் முயற்சிகளே.

மரியா மாண்டிசோரியின் கதையும் இதே தடத்தில்தான் செல்கிறது. 1907இல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1909இல் வெளிவந்த அவருடைய முதல் பெரிய நூலில் செடி வளர்ப்பும் பிராணி வளர்ப்பும் தனி அதிகாரமாகவே இடம்பெற்றன. உலகம் நினைவில் வைத்ததோ இளஞ்சிவப்புக் கோபுரத்தையும் உருளைக் கட்டைகளையும்தான். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தபோது சுமார் 300 பேர் அவருடைய பயிற்சியில் சேர்ந்தார்கள். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரிநாட்டுப் பிரஜையானார். மகன் மாரியோ சில மாதம் காவலில் வைக்கப்பட்டார். தாயின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் கழிந்த காலம்தான் இங்கே நமக்கு முக்கியம். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னவின் துணையோடு அங்கே பல வயதினரும் கலந்த ஒரு சிறு பள்ளி நடந்தது. மலையின் செடிகொடிகளும் உயிரினங்களும் பாடப்பொருளாயின. பிரபஞ்சம் முழுவதையும் ஒன்றோடொன்று பிணைந்த வாழ்வாகக் காட்டும் அவருடைய பிற்காலக் கல்விச் சிந்தனை அங்கேதான் விரிவடைந்தது. அது பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது என்பது உண்மை. ஆனால் சாதனங்களின் ஆசிரியை என்று பெயரெடுத்தவர், சுவருக்கு வெளியே போனபோது அவருடைய கல்விமுறையே வளர்ந்தது என்பதை மறுக்க முடியாது.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் அத்தியாயம் மேற்கு இந்தியாவில் எழுதப்பட்டது. கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற கடலோரச் சிற்றூரில் கிராமக் குழந்தைக் கல்வி மையத்தை நிறுவினார். அனுதாய் வாக் அவருடன் இணைந்தார். தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியே அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குப் போனது. மாண்டிசோரி சாதனங்களை வாங்கக் கிராமத்துக்கு வசதியில்லை. எனவே அவற்றின் நோக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பருமன் அறியக் கூழாங்கற்கள், நிறமும் வடிவமும் அறிய இலைகளும் பூக்களும், எண்ண விதைகள், வரிசைப்படுத்தச் சிப்பிகள் என்று ஊரே சாதனசாலையாயிற்று. 1950களின் பிற்பகுதியில் வார்லிப் பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் மலைக்கு மையம் இடம்பெயர்ந்தது. மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடந்தது. மேற்கு நாடுகளில் பெட்டி பயணம் செய்து தோட்டம் பின்தங்கியது. இங்கே பெட்டியை விட்டுவிட்டு, பார்க்கும் முறையை மட்டும் எடுத்துச் சென்றார்கள்.

இதெல்லாம் வறுமைக்கு வைத்த ஒட்டு, காசு இருந்தால் நல்ல சாதனம் வாங்கியிருப்பார்களே என்று கேட்கலாம். தொடக்கம் வறுமைதான், ஆனால் கிடைத்த பயன் வறுமையோடு முடியவில்லை. ஆலையில் செய்த பத்துக் கட்டைகள் ஒரே ஒரு பண்பில் மட்டும் வேறுபடும். அதனால் கவனம் கூர்மையாகும். புளியங்கொட்டையோ பருமன், நிறம், வழவழப்பு, ஒலி என்று ஒரே நேரத்தில் பலவற்றில் வேறுபடும். எதை வைத்துப் பிரிப்பது என்ற முடிவைக் குழந்தையே எடுக்க வேண்டும். முன்னது செய்யாத வேலையைப் பின்னது செய்கிறது, இரண்டும் தேவை. மணலில் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகளில் என்றோ இருந்ததே, புதிதாக என்ன என்றும் சிலர் கேட்பார்கள். உண்மைதான். எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியில் கையாண்டார். 1797இல் அதை இங்கிலாந்துக்கு அறிவித்தார். ஆனால் அங்கே மணல் வெறும் எழுதுபலகை. எழுத்துதான் பாடம், மணல் அல்ல. சிற்றில் கட்டி விளையாடிய நம் பிள்ளைகளிடம் மணலே பாடமாக இருந்தது, பள்ளிக்கு வெளியே. இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததே மழலையர் கல்வியின் சாதனை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு எழுத்துதான் அவசரத் தேவை, இலை பொறுக்குவது வசதியானவர்களின் ஆடம்பரம் என்பது. இந்தக் கவலை நேர்மையானது. ஆனால் இரண்டு எழுத்துகளின் வேறுபாட்டைக் காணும் கண், வேப்பிலைக்கும் முருங்கையிலைக்கும் வேறுபாடு காணும் அதே கண்தான். களிமண்ணைப் பிசையும் விரல்தான் பென்சிலைப் பிடிக்கிறது. கையில் எடுத்துப் பார்த்த பொருளைப் பற்றிப் பேச எந்தக் குழந்தைக்கும் சொல் பஞ்சமில்லை. கோஸ்பாட்டில் இவற்றைப் பெற்றவர்கள் வசதியானவர்களின் பிள்ளைகள் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. அச்சிட்ட இலைப் படத்துக்குப் பச்சை தீட்டுவதும், ஆசிரியை வெட்டிக் கொடுத்த காகிதப் பூவை எல்லாப் பிள்ளைகளும் ஒரேமாதிரி ஒட்டுவதும் இயற்கைச் செயல்பாடு என்ற பெயரில் நடக்கின்றன. அதில் இயற்கையும் இல்லை, குழந்தையின் கலையும் இல்லை. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கி நாடெங்கும் விரிந்தது. அதன்கீழ் தமிழ்நாட்டில் மட்டும் இன்று சுமார் 54,000 அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. 2022இல் வந்த அடித்தள நிலைக் கலைத்திட்டச் சட்டகம் உள்ளூர்ப் பொருள்களை வலியுறுத்துகிறது. 2023 பிப்ரவரியில் அதையொட்டி ஒன்றிய அரசு வெளியிட்டதோ மறுபடியும் ஒரு பெட்டி: மாயப் பெட்டி என்று பொருள்படும் ஜாதுயி பிடாரா. அதிலுள்ள பொம்மைகளும் புதிர்களும் நல்லவையே. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெட்டி வந்து சேர்ந்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணினால் 1870களின் பிழையை நாம் மீண்டும் செய்வோம். அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சியில் தாராபாயும் அனுதாயும் செய்ததைப் பாடமாக வையுங்கள்: தம் ஊரின் வாய்க்கால், களத்துமேடு, கடற்கரையிலிருந்து பாடப்பொருளைக் கண்டெடுக்கும் பயிற்சியை ஒவ்வொரு பணியாளருக்கும் கொடுங்கள். சமையல், பதிவேடு, கணக்கெடுப்பு என்று அவர்கள்மீது ஏற்றியிருக்கும் சுமையைக் குறைத்து, பிள்ளைகளோடு வெளியே செல்ல நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மையத்துக்குப் பின்னால் நாலு பாத்திக்கு இடம் விட்டுக் கட்டடம் கட்டுங்கள்.