மூடப்படாத விமான நிலையம்: வீட்டுக் கணினியில் பறத்தல் பாவனையின் வரலாறு குறித்து

2008 மே 24 அன்று பெங்களூரின் பயணிகள் விமானப் போக்குவரத்து எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்கு மாறிற்று. முருகேஷ்பாளையத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே நாள்தோறும் இரைந்து சென்ற விமானங்கள் ஒரே இரவில் நின்றுபோயின. எனக்கு அப்போது பதினோரு வயது. சில மாதங்கள் கழித்து, எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகங்கள் வாங்கிக் கோத்த கணினி ஒன்று வீட்டுக்கு வந்தது. அதில் மைக்ரோசாஃப்டின் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் இருந்தது. 2006 அக்டோபரில் வெளிவந்த அம்மென்பொருளுக்குத் தேவனஹள்ளி நிலையம் தெரியாது. பெங்களூரைத் தேர்ந்தால் எச்.ஏ.எல். ஓடுபாதையில்தான் கொண்டு நிறுத்தும். மாடிக்கு மேலே நின்றுபோன விமானங்கள் திரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

‘சிமுலேஷன்’ என்பதற்குப் பாவனை என்ற சொல்லையே இங்கு ஆள்கிறேன். தமிழ்நாட்டில் அது போலச்செய்தலைக் குறிக்கும். ஈழத்தில் பயன்பாட்டைக் குறிக்கும். இத்துறைக்கு இரு பொருளும் பொருந்துவது எனக்கு வசதி.

இத்துறையின் வரலாறு வழக்கமாக ஒரு நேர்கோடாகச் சொல்லப்படுகிறது: கணினியின் வேகம் கூடக்கூட மெய்ம்மையும் கூடிற்று என்று. பெங்களூரிலிருந்து பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை.

புரூஸ் ஆர்ட்விக் 1975இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அளித்த முதுகலை ஆய்வேடு, பறத்தற் காட்சியைக் கணினியால் உடனுக்குடன் வரைவது பற்றியது. அதிலிருந்து பிறந்ததே ஆப்பிள் II கணினிக்கான முதல் ஃபிளைட் சிமுலேட்டர். நிலம் வெறும் கோடுகளாலான கட்டம். விநாடிக்குச் சில பிரேம்களே வரும். 1982இல் ஐ.பி.எம். பி.சி.க்காக வந்த மைக்ரோசாஃப்ட் பதிப்பு வன்பொருளை நேரடியாகக் கையாண்டு அதன் முழு வேகத்தையும் பிழிந்தெடுத்தது. அதனால்தான், ஒரு நகல் கணினி உண்மையில் ஐ.பி.எம்.முக்கு ஒத்ததா என்று சோதிக்க லோட்டஸ் 1-2-3உடன் இதையும் ஓட்டிப் பார்த்தனர். அந்த உலகம் சிகாகோ, சியாட்டில், லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க்-பாஸ்டன் என்ற நான்கு பகுதிகளோடு முடிந்தது. எதைக் காட்டுவது என்ற தேர்வு அன்றே நில அரசியலாகவும் இருந்தது.

2006 பதிப்பில் உலகமெங்கும் சுமார் 24,000 விமான நிலையங்கள் இருந்தன. ஆனால் விரிவாக வடிக்கப்பட்டவை சில பத்து மட்டுமே. பெங்களூரு அவற்றுள் இல்லை. ஏனைய நிலம் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ‘நகரம்’, ‘வயல்’, ‘புதர்’ என்று வகை குறிக்கப்பட்டிருந்தது. வகைக்கேற்ற தரைப்படத்தை மென்பொருள் விரிக்கும். அதன்மேல் வீடுகளையும் மரங்களையும் தானே நட்டுக்கொள்ளும். எங்கள் தெரு இருந்த இடத்தில் எந்த ஊருக்கும் உரியதல்லாத ஒரு தெரு இருந்தது. வானில் பறந்தவையும் ஆர்பிட், பசிஃபிக்கா போன்ற கற்பனை நிறுவனங்களின் விமானங்களே.

இவற்றின் அடர்த்தியைக் கூட்டவும் குறைக்கவும் அமைப்புப் பக்கத்தில் நழுவுபட்டைகள் உண்டு. ஷிஃப்ட்டும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் பிரேம் எண்ணிக்கை திரையின் மேலே தெரியும். லண்டன் மேலே பறக்கையில் எங்கள் கணினி திணறிப் படம் படமாக நகரும். பெங்களூரின் மேலே வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் ஊர் வேகமான ஊர் என்று அன்று பெருமைப்பட்டேன். காரணம் பிற்பாடுதான் விளங்கிற்று: மென்பொருள் அறிந்திருந்த பெங்களூரு அவ்வளவு சொற்பம். வரைய ஒன்றுமில்லாத இடத்தில் எந்தக் கணினியும் விரைவாகவே ஓடும்.

லண்டனில் திணறியதற்கு வேறொரு காரணமும் உண்டு. செயலியின் ஒற்றைக் கருவின் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்ற எதிர்பார்ப்பில் அந்தப் பதிப்பு திட்டமிடப்பட்டது. இன்டெலோ 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை 2004இலேயே கைவிட்டுப் பல கருச் செயலிகளுக்குத் திரும்பிவிட்டது. வராத எதிர்காலத்துக்காக எழுதிய நிரல் அது.

வேகம் என்பது காட்சியின் வழவழப்பு மட்டுமன்று. இறக்கையைச் சிறு கூறுகளாக்கி அவற்றின்மேல் செயல்படும் விசைகளைக் கணிக்கும் எக்ஸ்-பிளேன், பிரேம்கள் விநாடிக்குச் சுமார் 20க்குக் கீழே சரிந்தால் பாவனைக் காலத்தையே மெதுவாக்கிவிடும். விசைக் கணிப்பு நிலைகுலையாதிருக்க இந்த ஏற்பாடு. அப்போது திரையில் ஒரு நிமிடம் கழிய, சுவர்க் கடிகாரத்தில் அதற்கு மேலும் ஆகும். மெய்ம்மைக்காகச் செய்த கணக்கு காலத்தின் மெய்ம்மையை விழுங்குகிறது.

தொழில்முறைப் பாவனையாளர்கள் இந்தப் பேரத்தில் எப்பக்கம் நின்றனர் என்பது தெளிவு. உயர்நிலைப் பயிற்சிச் சிமுலேட்டர்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் நெடுங்காலம் வைத்திருந்த தாமத வரம்பு 150 மில்லிவிநாடி. விமானியின் கை அசைவுக்கும் சிமுலேட்டரின் எதிர்வினைக்கும் இடையே அதற்கு மேல் செல்லக் கூடாது. தேஜஸ் இயல்பிலேயே நிலைப்பற்ற விமானம். கணினி இடைவிடாது திருத்தினால்தான் பறக்கும். அதன் கட்டுப்பாட்டு விதிகளைப் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகத்தை மையமாகக் கொண்ட குழு வகுத்தது. 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் அதை முதன்முறை ஓட்டிச் செல்லுமுன், அவ்விதிகள் இந்நகரின் சிமுலேட்டர்களில் ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்பட்டன. அவர் மேலெழும்பியது இதே எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்துதான்.

2020 ஆகஸ்டில் வந்த புதிய பதிப்பு இரண்டு பெட்டாபைட்டுக்கு மேற்பட்ட நிலத்தரவை இணையம் வழியே வழங்குகிறது. வான்படங்களிலிருந்து கட்டடங்களைக் கணித்து எழுப்புகிறது. எங்கள் தெருவின் வளைவு இப்போது சரியாக இருக்கிறது. வீடுகளின் முகங்கள் இன்னும் யாருடையவையோ. பெங்களூரின் மேலே பிரேம்கள் சரிகின்றன. இடுக்கண் எங்கே என்று பார்த்தால், மறுபடியும் ஒற்றைக் கருவில் ஓடும் முதன்மைத் திரெட்!

சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு இத்தொடரின் பல பதிப்புகளில் தொடக்க நிலையமாக இருந்தது. 2003 மார்ச் இறுதியில் மேயரின் ஆணையால் அதன் ஓடுபாதையை ஒரே இரவில் புல்டோசர்கள் பெயர்த்தன. பழைய பதிப்புகளில் அது இன்றும் இருக்கிறது என்று உலகெங்குமுள்ள பாவனையாளர்கள் உருகி எழுதியுள்ளனர். எச்.ஏ.எல்.லின் கதை வேறு. ராணுவப் பயன்பாடும் சோதனைப் பறத்தலும் அங்குத் தொடர்கின்றன; பயணிகள்தாம் இல்லை. அந்நிலையத்தைப் பற்றி அப்படி உருகிய ஒரு கட்டுரையையும் நான் கண்டதில்லை.

2008க்கு முந்தைய பதிப்புகளின் குறுவட்டுகளோ, அவற்றுக்காகப் பெங்களூரு ஆர்வலர்கள் தாமே வடித்த காட்சிக் கோப்புகளோ எவரிடமேனும் இருந்தால், அழித்துவிடாமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கீறல் விழுந்த தட்டானாலும் சரி.