லீவு யார் கொடுத்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆயுத பூசை அன்று எங்கள் திருமுல்லைவாயல் வீட்டில் நடந்தது இது. என் மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் மென்பொருள் வேலை பார்க்கிறான். அவனுடைய லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, புத்தகங்களோடு சாமி படத்தின் முன் வைத்தோம். கற்பூரம் அணைவதற்குள் செல்போன் அடித்தது. பொட்டைத் துடைத்துவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவன், இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தான்.

"பூசையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் எடுக்கக் கூடாதுடா" என்றேன்.

"இன்னைக்கு லீவுதான்ப்பா. ஒரு சின்ன பிரச்சினை, அவ்வளவுதான்" என்றான்.

லீவு என்றால் என்ன என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். வரலாற்று வாத்தியார் யோசித்தால் எங்கே போவான்? பின்னோக்கித்தான் போவான்.

நம் ஊர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் அமாவாசை லீவு. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூசை. அன்று மனிதனுக்கு மட்டுமல்ல, உளிக்கும் ரம்பத்துக்கும்கூட ஓய்வு. ஆனால் ஆலைகள் வந்தபோது இந்தக் கணக்கு எடுபடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வாராந்திர ஓய்வு கேட்டுப் பல ஆண்டுகள் போராடியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தார்கள். அடுத்த ஆண்டே, 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் வாரம் ஒரு நாள் ஓய்வு இடம்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுந்திருக்கும் பிள்ளைகள் லோகண்டே பெயரை ஒருமுறையாவது சொல்லிப் பாருங்கள்.

நம் சென்னைக்கு வருவோம். ஆவடி ரயில் போகிற அதே தடத்தில் இருக்கிறது பெரம்பூர். அங்கேதான் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலையை அன்றைய சட்டமே அனுமதித்தது. மதிய இடைவேளையோ அரை மணி நேரம்தான். கை கழுவி, வரிசையில் நின்று, தூக்குவாளியைத் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். ஆலை அருகே துணிக்கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் இந்தக் குறைகளைக் கேட்டு மனம் நொந்து, அன்னி பெசன்ட்டுடன் பணியாற்றிய பி.பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தத் தொழிலாளர்கள் கேட்டவற்றில் ஒன்று, நிம்மதியாகச் சாப்பிட இன்னும் சில நிமிடங்கள் என்பதைப் பாடப்புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு படியாகத்தான் குறைந்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54, 1946இல் 48. பிறகு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஞாயிறு அன்று வேலை வாங்கினால், அதற்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ மாற்று விடுமுறை தர வேண்டும் என்றது அது. எப்படி மாற்றினாலும், ஒரு முழு நாள் ஓய்வு இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்றும் சொன்னது.

இந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஊர்கள்தான் அம்பத்தூரும் ஆவடியும். சைக்கிள், டயர் என்று தொடங்கி, 1960களில் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கி தொழிற்சாலையும் வந்தன. என் அப்பா ஒரு தொழிற்சாலையில் டர்னர். மாலையில் சங்கு ஊதும். அரை மணியில் சைக்கிள் மணிச் சத்தம் தெருவில் கேட்கும். மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால், அந்த ஆள் அதன்பின் எங்களுடையவர். லேத் மெஷின் அவர் பின்னாலேயே வீட்டுக்கு வராது. ஆயுத பூசைக்கு எங்களையும் கம்பெனிக்குக் கூட்டிப்போவார். மாலை போட்ட மெஷினைத் தொடப் போனேன். "இன்னைக்கு அதுக்கும் லீவு" என்று கையைப் பிடித்து நிறுத்தினார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தச் சட்டங்கள் எல்லாம் கேட்டை வைத்து எழுதப்பட்டவை. கேட்டுக்கு உள்ளே இருந்தால் வேலை, வெளியே வந்தால் ஓய்வு. சங்கு அந்தக் கோட்டைக் கிழித்தது. இன்று வேலை சட்டைப்பையில் இருக்கிறது. அதற்குக் கேட்டும் இல்லை, சங்கும் இல்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படும் என முதல்வர் அறிவித்தார். கண்ணுக்குத் தெரிகிற பன்னிரண்டு மணி நேரத்தை எதிர்க்க முடிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் நீள்கிற நேரத்தை யாரிடம் போய்ச் சொல்வது? பிரான்சில் 2017 ஜனவரியில் 'தொடர்பைத் துண்டிக்கும் உரிமை' அமலுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே 2018இல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "நீங்க ஹெச்எம்மா இருந்தப்போ ஞாயித்துக்கிழமை யாருக்குமே போன் பண்ணலையாப்பா?"

பதில் இல்லை என்னிடம். பணி ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகளில் பள்ளி வாட்ஸ்ஆப் குழுவில் இரவு பத்து மணிக்கு, "நாளை காலைக்குள் வகுப்புவாரி விவரம் வேண்டும்" என்று போட்டவன் நான். அவள் தந்தையின் பதினாறாம் நாள் காரியத்தில் இருந்த ஒரு ஆசிரியை, அங்கிருந்தே "இதோ அனுப்புகிறேன் சார்" என்று பதில் போட்டாள். அனுப்பியும் விட்டாள். மறுவாரம் ஆசிரியர் கூட்டத்தில் அவளை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பாராட்டினேன்! எட்டாம் வகுப்புக்கு லோகண்டேயைச் சொல்லிக்கொடுத்த அதே வாய். அந்த விவரம் செவ்வாய்க்கிழமை போயிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. அம்மா, நீ இந்தப் பதிவைப் படித்தால், என்னை மன்னித்துவிடு. அது பாராட்டவேண்டிய விஷயமே இல்லை.

என் மாணவர்களில் பலர் இன்று மேலாளர்கள், முதலாளிகள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். லீவில் இருப்பவரைக் கூப்பிடும் முன், "இது நாளை மறுநாள் வரை தாங்காதா?" என்று ஒரு நொடி யோசியுங்கள். லீவில் போகிறவர்கள், உங்கள் வேலையை யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள். பிறகு எடுக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். கடந்த பத்து நாளில், வேலையைத் தொடாத ஒரு முழு நாள் உங்களுக்குக் கிடைத்ததா? எண்ணிப் பார்த்துக் கீழே எழுதுங்கள். இன்றே எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றால், திங்கட்கிழமை எழுதினால் போதும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்