சதம்

‘நூற்றுக்கு நூறு சதவீதத் தேர்ச்சி’ என்கிறது ஒரு பள்ளியின் விளம்பரத் தட்டி. சதம் என்றாலே நூறுதானே! வடமொழியில் சதம், பழைய ஈரானின் அவெஸ்தா மொழியில் சதெம், லத்தீனில் கெந்தும்: எல்லாம் ஒரே வேர். இவற்றின் மூலமொழியிலிருந்த மென்மையான ககரம் இந்தியா, ஈரான் பக்கம் சகரமாக நெகிழ்ந்தது. ஜெர்மானியத்தில் ஹகரமாகி ‘ஹண்ட்ரட்’ ஆனது. ரோமில் ககரமாகவே நின்றது. சீசர் நாவில் அது கெந்தும்தான். ‘சென்ட்’டில் கேட்கும் சகரம், பிற்கால லத்தீனில் தனியே திரிந்து பிரெஞ்சு வழியாக வந்தது, வடமொழிச் சகரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கிரிக்கெட்டில் சதம் நூறு. இலங்கைத் தமிழில் ரூபாயில் நூற்றில் ஒரு பங்கும் சதம். பொருள் தலைகீழானாலும், சென்ட்டுக்கு அதன் பங்காளிச் சொல்லையே பிடித்தது எனக்குப் பிடிக்கும். சதவீதத்துக்கு ‘விழுக்காடு’ நல்ல சொல். செய்தித்தாளில் பழகிவிட்டது, கடைத்தெருவில் இன்னும் ‘பர்சன்ட்’தான்.