அளந்து கற்ற வானம்

நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி நகரில் பெண்களுக்கென வாசர் கல்லூரி 1865இல் திறக்கப்பட்டபோது, அதன் வானாய்வுக்கூடம் மற்றக் கட்டடங்களுக்கு முந்திக்கொண்டு எழுந்து நின்றது. ஹென்றி ஃபிட்ஸ் வடித்த 12 அங்குலத் தொலைநோக்கி அதன் குவிமாடத்துக்குள் பொருத்தப்பட்டிருந்தது. வானியல் பேராசிரியராகக் கல்லூரி அழைத்து வந்தவர் மரியா மிட்செல். அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர்.

அவர் படித்த இடம் நான்டக்கெட் தீவு, திமிங்கில வேட்டைக் கப்பல்களின் துறைமுகம். நடுக்கடலில் தீர்க்கரேகையை அறியக் கப்பல்காரர்கள் காலமானியையே நம்பியிருந்தார்கள். அது நான்கு விநாடி பிசகினால், நிலநடுக்கோட்டருகே கணக்கு ஒரு கடல்மைல் தள்ளிப்போய்விடும். விண்மீன்களைக் கொண்டு அந்தக் காலமானிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது மரியாவின் தந்தை செய்துவந்த வேலை. 1831 பிப்ரவரியில் வளைய கிரகணம் வந்தபோது, 12 வயது மரியா தந்தையின் பக்கத்தில் அமர்ந்து விநாடிகளை எண்ணிச் சொன்னார். 1847 அக்டோபர் 1 இரவில் தொலைநோக்கிக்கு மட்டுமே தெரிந்த வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்; டென்மார்க் மன்னரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. விநாடி பிசகினால் என்ன ஆகும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்த ஒருவர் ஆசிரியராக வந்தது வாசர் மாணவியரின் பெரும்பேறு.

மிட்செல் வானாய்வுக்கூடத்திலேயே குடியிருந்தார். மாணவியர் இரவில் வந்து வியாழனையும் சனியையும் பார்த்தார்கள். பகலில் கணக்குப் போட்டார்கள். 1869 ஆகஸ்டு 7 முழுச் சூரிய கிரகணத்துக்காக அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் வரை அவர்களை அழைத்துச் சென்றார். 1873இல் சூரியனைப் படமெடுக்கும் பணியையும் தொடங்கினார். பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் விடையை எடுத்து ஒப்பிக்கும் மாணவிக்கு அவருடைய வகுப்பில் மதிப்பில்லை.

அந்த வகுப்பில் பயின்ற அன்டோனியா மௌரி 1887இல் பட்டம் பெற்று ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விண்மீன்களின் நிறமாலைகளை வகைபிரிப்பது அவருக்கு இடப்பட்ட பணி. சில விண்மீன்களில் நிறமாலைக் கோடுகள் வழக்கத்துக்கு மாறாக மெல்லியனவாகவும் கூர்மையாகவும் இருப்பதைக் கண்டு, அவற்றுக்குத் தனிக் குறியீடே கொடுத்தார். 681 விண்மீன்களைக் கொண்ட அவருடைய பட்டியல் 1897இல் வெளிவந்தது. இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்பது அங்கே நிலவிய கருத்து. ஆனால் டேனிஷ் வானியலர் ஹெர்ட்ஸ்பிரங் 1905இல் அதே குறியீட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த மெல்லிய கோட்டு விண்மீன்கள் பேரொளி வீசும் இராட்சதர்கள் என்று காட்டினார். இன்று தொடக்க வானியல் படிக்கும் எவரும் வரையும் ஹெர்ட்ஸ்பிரங்–ரஸ்ஸல் வரைபடத்துக்கு வழி திறந்த அளவீடுகளில் மௌரியினுடையதும் ஒன்று.

அளந்து கற்க வேண்டும் என்றால், விரிவுரை வேண்டாம் என்பதன்று பொருள். விரிவுரையில்லாமல் கெப்ளரின் விதிகள் எங்கிருந்து வரும்? ஆனால் வெறுமனே கேட்டது மனத்தில் தங்குவதில்லை. 1987இல் ஹார்வர்டு பட்டமளிப்பு நாளில் எடுத்த ஆவணப்படம் ஒன்றில், பட்டம் பெற்றவர்கள், ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள் என 23 பேரிடம் வானியலின் அடிப்படைகளைக் கேட்டார்கள். 21 பேரின் விளக்கம் தவறு. கோடை ஏன் வருகிறது என்றால், பூமி சூரியனை நெருங்குவதால் என்றார்கள் பலர். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். வட அமெரிக்கா குளிரில் நடுங்கும் நாள்கள் அவை. கோடைக்குக் காரணம் பூமியின் அச்சின் 23.4 பாகைச் சாய்வு. நண்பகல் நிழலை ஓராண்டு அளந்து எழுதிவைத்தவருக்கு இந்தத் தடுமாற்றம் வர வாய்ப்பு குறைவு.

செய்முறை வகுப்பில் என்ன நடக்கிறது என்பதற்கு வியாழனின் நிலவுகளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் கல்லூரி, மேகம் மூடிய ஊர்களுக்கும் உதவும்படி அவற்றை அளப்பதைக் கணினிப் பயிற்சியாகவே உருவாக்கிக் கொடுத்தது. ஒவ்வொரு நிலவும் வியாழனிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று இரவுதோறும் குறித்துக்கொள்ள வேண்டும். புள்ளிகளை இணைத்தால் ஏறி இறங்கும் அலை கிடைக்கும். அலையின் உயரம் சுற்றுப்பாதையின் ஆரம். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை சுற்றுக்காலம். காலிஸ்டோ என்ற நிலவுக்கு அது 16.69 நாள். ஆரத்தை வானியல் அலகிலும் காலத்தை ஆண்டிலும் எழுதி, ஆரத்தின் முப்படியைக் காலத்தின் இருபடியால் வகுத்தால், வியாழனின் நிறை சூரியனுடையதில் 1,047இல் ஒரு பங்கு என்று வந்து நிற்கும். இருந்த இடத்திலிருந்தே ஒரு கோளை எடைபோட்டாயிற்று!

படிப்பின் சாரம் அதற்குப் பிறகுதான். ஆரத்தை 5 விழுக்காடு கூடுதலாக அளந்துவிட்டால் நிறை ஏறத்தாழ 16 விழுக்காடு கூடிவிடும்; சுற்றுக்காலத்தில் அதே அளவு பிசகினால் மாற்றம் சுமார் 10 விழுக்காட்டோடு நிற்கும். ஆகவே எதை அதிகக் கவனத்தோடு அளக்க வேண்டும் என்று கணக்கே சொல்லிக்கொடுக்கிறது. அயோ என்ற நிலவு இன்னும் கடினமான ஆசிரியர். அதன் உண்மையான சுற்றுக்காலம் 1.77 நாள். இரவுக்கு ஒருமுறை மட்டும் பார்த்தவருக்கு, 2.3 நாள் என்று வைத்து வரைந்த அலையும் அதே புள்ளிகளின் வழியே கச்சிதமாகப் போகும். இரண்டில் எது மெய் என்று தீர்க்க, ஒரே இரவில் சில மணி இடைவெளியில் மறுபடியும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எத்தனை தடவை அளப்பது, எப்போது அளப்பது என்பதும் இயற்பியலின் பகுதிதான் என்று மாணவர் உணர்வது இந்த இடத்தில்.

தமிழ்நாட்டு மாணவருக்கு இத்தகைய பயிற்சிக்கான பொருள் மலைமேலேயே இருக்கிறது. கொடைக்கானல் வானாய்வுக்கூடம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. அந்தத் தட்டுகள் எண்மப்படுத்தப்பட்டுள்ளன. சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டதும் அங்கேதான். அடுத்தடுத்த நாள்களின் படங்களை எடுத்து, ஒரு புள்ளி எத்தனை பாகை நகர்ந்தது என்று அளந்தால் சூரியனின் சுழற்சிக்காலம் தெரிந்துவிடும். பூமியும் நகர்ந்துகொண்டிருப்பதால் வரும் திருத்தத்தைச் செய்தபின், நடுக்கோட்டை ஒட்டிய புள்ளிக்குச் சுமார் 25 நாள் வரும். 30 பாகை அட்சரேகையில் உள்ள புள்ளிக்கு அதைவிட ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகக் கூடுதலாகும். திண்ம உருண்டை அப்படிச் சுழல முடியாது. ஆனால் அந்த ஒரு நாள் வேறுபாட்டை மெய்யென்று சொல்ல வேண்டுமானால், அளவுப் பிழை அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு புள்ளி போதாது, பல புள்ளிகளைப் பல நாள் படங்களில் தொடர்ந்து அளந்தாக வேண்டும்.